ஒளிரக் கூடாத குழி

ஆய்வகத்தில் அவளுக்குச் சந்தேகக்காரி என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு முடிவைக் கையில் கொடுத்தால் "இன்னொரு தடவை பார்த்துடலாமே" என்பாள். பார்த்துக் கொடுத்தால் "வேற ஆள் கையால ஒரு தடவை" என்பாள். தராசின் மேல் சந்தேகம், கடிகாரத்தின் மேல் சந்தேகம், ஃப்ரீசர் காட்டும் குளிரின் மேல் சந்தேகம். டீக்கடைக்காரர் சர்க்கரை கம்மி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒரு வாய் குடித்த பிறகுதான் நம்புவாள். அப்படிப்பட்டவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளைச் சந்தேகப்படாமல் விட்டுவைத்திருந்தாள். தன் சொந்த ரத்தம்.

அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அந்த ஆய்வகத்துக்கு வருவதெல்லாம் எலி சமாசாரம். காய்ச்சலில் படுத்தவர்கள், திடீரென்று சிறுநீரகம் வேலை செய்யாமல் போனவர்கள், கழுத்தைக் குனிய முடியாமல் தலைவலியில் துடிப்பவர்கள், இவர்களுடைய ரத்தத்தையெல்லாம் சின்னக் குழாய்களில் அடைத்து ஆஸ்பத்திரிகள் அனுப்பிவைக்கும். இது எலி கொடுத்த வைரஸா, இல்லையா? அதை இவர்கள் சொல்ல வேண்டும். எலி வந்து கடித்தால்தான் வம்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவ்வளவு சிரமப்பட வேண்டியதே இல்லை. ஒரு மூலையில் மூத்திரம் பெய்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். அது காய்ந்து தூசியாகி நம் மூக்கில் ஏறினால் போதும். எலி நன்றாகத்தான் இருக்கும். படுப்பது நாம்.

சோதனை செய்கிற விதம் பார்க்க அழகானது. ஒரு கண்ணாடி ஸ்லைடில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வகை வைரஸ் புகுந்த செல்களைச் சாகடித்து ஒட்டிவைத்திருப்பார்கள். அதன் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்த உடம்பு என்றால், அதை எதிர்க்க உடம்பு தயாரித்த பொருள் சீரத்தில் இருக்கும். போய்க் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் விட்டு, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சைப் பசேலென்று மின்னும். சந்திக்காத உடம்பு என்றால் ஒரே இருட்டு.

ஆனால் வெறும் இருட்டை எப்படி நம்புவது? வெறும் பச்சையைத்தான் எப்படி நம்புவது? அதற்காக ஒவ்வொரு தடவையும் நோயாளிகளோடு சேர்த்து, நோயே அண்டாத ஓர் ஆளின் ரத்தத்தையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குழியில் விடுவார்கள். நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அது மின்னினால் அன்றைக்குச் செய்த வேலை அத்தனையும் குப்பைத்தொட்டிக்கு. வருஷக்கணக்காக அந்த ஆய்வகத்தில் அந்த ரத்தம் சந்தேகக்காரியுடையது. கையிலிருந்து நிறைய எடுத்து, சீரம் பிரித்து, சின்னக் குழாய்களில் பங்கு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவாள். தீர்ந்துபோனால் மறுபடி கையை நீட்டுவாள். ஒரு தடவைகூட அது மின்னியதில்லை. "இந்தக் கட்டடத்துலயே சுத்தமான ரத்தம் என்னோடதுதான்" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, பாவம்.

அன்று காலை இருட்டறையில் உட்கார்ந்தவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டான் கண்ணாடிக்காரன். கூட வேலை பார்ப்பவன்; சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர்.

"உள்ள வாப்பா. இதைப் பாரு."

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தான். "நல்லா மின்னுதே. இந்தாளு ஆஸ்பத்திரில இருக்காரா?"

"அது ஆளு இல்ல. கன்ட்ரோல்."

அவன் நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். "சரியாக் கழுவாம விட்டுட்டோமோ?"

"கழுவலைன்னா எல்லா வரிசையும்ல மின்னணும்? மத்த வைரஸ் எல்லாம் கும்மிருட்டு. இந்த ஒரு வரிசை மட்டும்தான்."

அந்த வரிசை எல்.சி.எம். முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் எல்லோரும் அந்த மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வீட்டுச் சுண்டெலி கொண்டுவருகிற வைரஸ்.

சந்தேகக்காரிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, கோளாறு என்று ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது. சாயத்தை மாற்றினாள். ஸ்லைடை மாற்றினாள். கழுவுகிற தண்ணீரைப் புதிதாகத் தயாரித்தாள். மின்னியது. வேறு குழாய், வேறு கை. மின்னியது. கடைசியில் கண்ணாடிக்காரன் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"என் ரத்தத்தை வெச்சுப் பாருங்கக்கா. இத்தனை வருஷமா ஒருத்தரும் கேட்டதில்ல, அதுக்கும் ஆசை இருக்கும்ல."

அவன் ரத்தம் அழகாக இருண்டு கிடந்தது. அதையே கன்ட்ரோலாக வைத்து நோயாளிகளின் சோதனையை மறுபடி செய்து, மதியத்துக்குள் முடிவுகளை அனுப்பிவிட்டார்கள். வேலை நின்றுபோகவில்லை. ஆனால் கேள்வி அங்கேயே நின்றது.

"அக்கா, இது புதுசா எடுத்த குழாய்தானே? எடுத்ததும் பழசோட வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்க வேண்டும் என்பது விதி. புதிதாக எடுத்த ரத்தத்தைப் பழைய ரத்தத்தோடு ஒப்பிடாமல் தொடக்கூடாது. அந்த விதியை எல்லோருக்கும் ஓதி ஓதித் தொண்டை வறண்டவளே அவள்தான். இந்தத் தடவை அவள் ஒப்பிடவில்லை. எதற்கு ஒப்பிட வேண்டும்? அவளுடைய ரத்தம்தானே!

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை அது ஒரு புதிராக இருந்தது. இப்போதுதான் புதிருக்கு ஓர் உடம்பு இருக்கிறது என்றும், அந்த உடம்பு தினமும் ஒரு வீட்டுக்குப் போய் வருகிறது என்றும் உறைத்தது. அந்த வீட்டின் மாடியில் அவளுடைய தங்கை இருக்கிறாள். தங்கைக்கு இது ஐந்தாம் மாதம்.



எல்.சி.எம். பெரியவர்களை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சிலருக்குச் சில நாள் காய்ச்சல், தலைவலி. பலருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் கதையே வேறு. நேராகக் குழந்தையிடம் போகும். மூளையில் உட்காரும், கண்ணில் உட்காரும். சில சமயம் குழந்தையே தங்காது. தங்கைக்கு முதல் குழந்தை தங்கவில்லை. அதுவும் பாதியில்தான் போனது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. "சில பேருக்கு இப்படி ஆகும்மா" என்றார்கள். தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதால்தான் என்று தங்கையே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு செம்புத் தண்ணீரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குகிறாள்.

தலைமை டாக்டர் அதிகம் பேசாத அம்மாள். சந்தேகக்காரி சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"மொதல்ல ஒண்ணு. இது மனுஷங்ககிட்டேருந்து மனுஷங்களுக்கு ஒட்டாது. உங்ககிட்டேருந்து தங்கச்சிக்குப் போயிருக்காது. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர். தெரிஞ்சும் பயமா இருக்கு."

"நீங்க எங்க வாங்கினீங்களோ, அங்க அவங்களும் இருந்தாங்களா? அதைக் கண்டுபிடிங்க. இங்கேயே வாங்கியிருந்தா நல்லதுன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா அப்படி இருந்தா உங்க வீட்டுக்கு நல்லது."

அன்றே ஆய்வகத்தில் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். டாக்டர் முதல் ஆளாக. எல்லோருடைய ரத்தமும் இருட்டு. இங்கே வாங்கவில்லை.

எப்போது வாங்கினாள்? அதற்கு ஃப்ரீசரைக் கேட்டாள். ஒவ்வொரு தடவை எடுத்த ரத்தத்திலும் ஓரிரு குழாய்களைத் தொடாமல் வைப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். மனிதர்கள் பழைய புகைப்படம் வைத்திருப்பதுபோல அவள் தன் பழைய ரத்தத்தை வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்தாள். இந்தத் தடவை எடுத்தது தவிர மற்றதெல்லாம் இருட்டு.

இன்னொன்றும் பார்த்தாள். வைரஸ் வந்தவுடன் உடம்பு அவசரமாகத் தயாரிக்கும் எதிர்ப்பொருள் ஒரு வகை. அது சில மாதத்தில் மறைந்துவிடும். நிதானமாக வந்து காலத்துக்கும் குடியிருப்பது இன்னொரு வகை. ஆய்வகத்தில் முதலாவதைப் 'புதுசு' என்பார்கள், இரண்டாவதைப் 'பழசு' என்பார்கள். அவள் ரத்தத்தில் பழசு மட்டும்தான் இருந்தது. ஆக, வந்து சில மாதங்களாவது ஆகியிருக்கும். ஆனால் போன தடவை ரத்தம் எடுத்ததற்கும் இந்தத் தடவை எடுத்ததற்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. தங்கையின் கல்யாணம், முதல் கர்ப்பம், அது போனது, இந்தக் கர்ப்பம், எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான். இதில் எங்கே வந்தது? தங்கைக்கும் வந்ததா? வந்தது என்றால் இந்தக் குழந்தைக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் பிரச்சினையே இல்லை. பின்பு என்றால்... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் தங்கையின் புருஷன் வேலையிலிருந்து வந்தபோது, மனைவியின் அக்கா சமையலறை மேடைக்கு அடியில் டார்ச்சும் கையுமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தாள். முகத்தில் மாஸ்க்.

"அண்ணி! என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"விழல மாப்பிள்ளை. எலி தேடுறேன்."

"அடிக்கவா?"

"இல்ல, அதுகிட்ட ஒரு கேள்வி கேட்கணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், வாய் கோணியது. அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நல்லவன். கார் மெக்கானிக். எந்த நேரமும் கையில் கிரீஸ் இருக்கும், ஆனால் மனைவி தூங்கும் அறைக்குப் போகுமுன் விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவுவான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்டுல எலி இல்ல அண்ணி. எதிர் வீட்டுப் பூனை பாதி நாள் இங்கதான் கிடக்கு. ஒரு புழுக்கைகூட நான் பார்த்ததில்ல."

"நானும் பார்க்கல. கையை நீட்டுங்க."

ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். எஞ்சினையே தனியாக இறக்கி வைப்பான். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டான். தங்கை மாடியிலிருந்து, "அங்க என்ன கூத்து?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணும் இல்ல, கையில முள்ளு குத்திடுச்சு" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

மறுநாள் கண்ணாடிக்காரன் சோதித்துப் பார்த்ததில் மாப்பிள்ளையின் ரத்தம் இருட்டறையில் மின்னியது. அவளுடையதைவிடப் பளீரென்று மின்னியது. பழசுதான், ஆனால் அடேயப்பா, எவ்வளவு!

அவள் நேராக மெக்கானிக் கடைக்குப் போனாள். தகரக் கூரை, எண்ணெய் படிந்த தரை, வாய் திறந்து நிற்கும் கார்கள். சுற்றிச் சுற்றி வந்தாள். சாக்கைப் புரட்டினாள், டயர் அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தங்கையோ இந்தக் கடைப் பக்கம் வந்ததே இல்லை. பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகாது. அப்படியிருக்க மூன்று பேரும் ஒன்றாக எந்த இடத்தில் இருந்தார்கள்?

மாப்பிள்ளை ஒரு பழைய காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். "ஏசி சரியா வரலைன்னு விட்டிருக்காங்க. ரொம்ப நாளா ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டி" என்று சொல்லிக்கொண்டே காற்று ஊதும் மோட்டாரின் மூடியைக் கழற்றினான். உள்ளே கைப்பிடி அளவுக்குப் பஞ்சும், கிழிந்த காகிதமும், சீட்டு உறையின் நூலும் சுருண்டு கிடந்தன. பழக்க தோஷத்தில் காற்றுக் குழாயை எடுத்து அதன் மேல் நீட்டினான்.

"நிறுத்துங்க!"

அவள் போட்ட கூச்சலில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணி? வெறும் பஞ்சுதானே."

"அது பஞ்சு இல்ல மாப்பிள்ளை. கூடு. எலிக் கூடு."

அவன் அந்தப் பஞ்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இது பழைய வண்டில எல்லாம் இருக்கும் அண்ணி. சுண்டெலி உள்ள பூந்து கட்டிடும். நாங்க ஊதித் தள்ளிட்டுப் போயிட்டே இருப்போம்."

"எங்களை நீங்க ஏதாவது இந்த மாதிரி வண்டில கூட்டிட்டுப் போனீங்களா? என்னையும் அவளையும்?"

அவன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான். வெகு நேரம் யோசித்தான். யோசிக்கிறானா, சொல்லப் பயப்படுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தச் சாம்பல் கலர் வண்டி. சல்லிசா வாங்கினேனே. மொதல் தடவை அவ முழுகாம இருந்தப்போ ஸ்கேனுக்குப் போனோம். ஏசியைப் போட்டதும் முகத்துல குப்பையா பறந்துச்சே. நீங்ககூட 'மாப்பிள்ளை, இதென்ன பூ தூவுறீங்க'ன்னு சிரிச்சீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று பேரும் இருமி இருமிச் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் எலித் தூசியைப் பற்றி வகுப்பு எடுக்கிறவள், முன் சீட்டில் உட்கார்ந்து தன் புடவையிலிருந்து அந்தப் பஞ்சைக் கையால் தட்டிவிட்டாள். அவளுக்குத் தன்னையே ஓங்கி அறையலாம்போல் இருந்தது.

"அப்ப முன்னாடியே வந்துடுச்சு. இந்தக் குழந்தைக்கு முன்னாடியே."

"அப்படிச் சொல்லிட முடியாது அண்ணி." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "அதை வித்துட்டு இப்ப வெச்சிருக்கிற வண்டியை வாங்கினேன்ல? அதுலயும் கூடு இருந்துச்சு. வாங்கின வாரமே அவளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு, அப்புறம்தான் சுத்தம் பண்ணேன். அப்ப அவ வயித்துல இந்தக் குழந்தை."

இரண்டு கார், இரண்டு கூடு. முதல் கூடா, இரண்டாவது கூடா? இதை எந்த எலியும் வந்து சொல்லப் போவதில்லை. தங்கையின் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

இனி மறைக்க வழியில்லை. மறைத்ததாக இவர்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகக்காரி மாடி ஏறிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்ததுமே தங்கை கேட்டுவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறீங்க. அவர் ராத்திரி பூரா புரளுறார். என் குழந்தைக்கு என்னக்கா?"

அக்கா சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தங்கையிடம் அவளுக்கு எப்போதும் அப்படித்தான் வரும். தங்கை இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"இப்ப ரத்தம் எடுத்தா தெரிஞ்சுடுமா?"

"இருட்டா இருந்தா, உனக்கு வரவே இல்ல. மின்னிச்சுன்னா வந்திருக்கு. ஆனா எப்ப வந்ததுன்னு இது மட்டும் சொல்லாது. இந்தக் கர்ப்பத்தோட ஆரம்பத்துல வந்திருந்தாலும் 'புதுசு' இந்நேரம் மறைஞ்சிருக்கலாம்."

"அப்ப எப்படித் தெரியும்?"

"மொத மாசச் செக்கப்புக்கு உன்கிட்ட ரத்தம் எடுத்தாங்கல்ல, அதுல மிச்சம் ஆஸ்பத்திரி ஃப்ரீசர்ல இருக்கும். கொஞ்ச காலம் வெச்சிருப்பாங்க. அதையும் இப்ப எடுக்கறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். அது இருட்டா இருந்து இது மின்னிச்சுன்னா..."

"சொல்லாதே. புரியுது." தங்கை கையை நீட்டினாள். "எடு."

எத்தனையோ தடவை ரத்தம் எடுத்துப் பழகியவளுக்கு அன்று நரம்பு அகப்படவில்லை. இரண்டாவது தடவைதான் ரத்தம் வந்தது. தங்கை, "பரவால்லக்கா, நிதானமா எடு" என்றாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று ஒரு முறையே இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து பழைய சீரத்தைக் கண்ணாடிக்காரன்தான் ஐஸ் பெட்டியில் வாங்கிவந்தான். வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். சொந்தக்காரர்களின் ஸ்லைடை யாரும் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது என்பது அந்த இடத்தின் கட்டுப்பாடு. ஆசை கண்ணை ஏமாற்றிவிடும். இருட்டிலும் பச்சை தெரியும், பச்சையிலும் இருட்டு தெரியும். எனவே சொட்டு விட்டது கண்ணாடிக்காரன். எது பழையது, எது புதியது என்று தெரியாமல், வெறும் எண்ணை மட்டும் வைத்துப் படிக்கப்போனது தலைமை டாக்டர். படித்து முடித்த பிறகுதான் எந்த எண் எது என்று அவருக்குச் சொல்லப்படும்.

சந்தேகக்காரி இருட்டறைக்கு வெளியே நின்று, ஏற்கெனவே கழுவிய கண்ணாடிக் குடுவைகளை மறுபடி கழுவினாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. திறந்தால் வெளிச்சம் புகுந்துவிடும். மின்னுவதும் தெரியாது, மின்னாததும் தெரியாது. எத்தனை குடும்பங்கள் எங்கெங்கோ ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்த ஆய்வகத்தின் முடிவுக்காக இப்படி நின்றிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர்களைக் காக்கவைத்தவள் அவள்தானே.

கதவு திறந்தது. டாக்டர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டுமே மின்னுது."

அவள் கையிலிருந்த குடுவையைக் கண்ணாடிக்காரன் வாங்கிக்கொண்டான்.

"உட்காருங்க. முழுசாக் கேளுங்க. ரெண்டுமே மின்னுது, ரெண்டும் ஒரே அளவு. தண்ணி கலந்து நீர்க்க விட்டுக்கிட்டே போனா ரெண்டும் ஒரே இடத்துலதான் மங்குது. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. 'புதுசு' ரெண்டுலயும் சுத்தமா இல்ல. மொத மாசத்து ரத்தத்துலயும் இல்ல."

"மொத மாசத்துலயே பழசு... அப்ப..."

"அப்ப இந்தக் குழந்தை உருவாகறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்து போயாச்சு. உங்க தங்கச்சி உடம்புல அதுக்கு எதிரா காவல் நிக்குது. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல."

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க, இன்னொரு தடவை..."

"பார்த்துட்டேன். நீங்க கேட்பீங்கன்னு தெரியும். ரெண்டு செட் வெக்கச் சொல்லி ரெண்டையும் பார்த்துட்டேன். வீட்டுக்குப் போங்க."

அவள் வாசல்வரை நடந்துதான் போனாள். தெருவுக்கு வந்த பிறகு ஓடினாள்.

தங்கை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கேட்டைத் திறந்து வந்த வேகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. "குழந்தைக்கு ஒண்ணும் இல்லடி, ஒண்ணுமே இல்ல" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் அக்கா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள். எதிர் வீட்டுப் பூனை பயந்துபோய் மதில் மேல் ஏறிக்கொண்டது. அக்கா எல்லாவற்றையும் விளக்கினாள்: இரண்டு ரத்தமும் ஒரே அளவு, முன்பே வந்தது, இனி அந்த வைரஸ் அவளிடம் வாலாட்டாது.

தங்கையின் சிரிப்பு மெல்ல நின்றது. அவள் எதையோ மனதுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

"இந்தக் குழந்தைக்கு முன்னாடின்னா... அந்தச் சாம்பல் கலர் வண்டியா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் இதை அவள் முன்பே கேட்டுவைத்திருந்தாள்.

"அப்ப எடுத்த ரத்தம் இப்ப ஆஸ்பத்திரில இல்ல. காலம் முடிஞ்சதும் கொட்டிடுவாங்க. அதனால அடிச்சுச் சொல்ல முடியாது."

"அடிச்சுச் சொல்ல வேணாம். உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு."

"அதுதான்னு தோணுது. அதாலதான் நம்ம மொதல் குழந்தை போச்சுன்னு தோணுது."

தங்கைக்கு ஒரு பெருமூச்சு வந்தது; அவ்வளவு காற்று அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்ததோ. "அப்ப நான் வாளி தூக்கினதால இல்ல" என்றாள். கேள்வியா, பதிலா என்று தெரியவில்லை.

"இல்லடி. நீ ஒண்ணுமே பண்ணல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முதல் குழந்தை போனபோதுகூட அவள் அப்படி அழுததை அக்கா பார்த்ததில்லை. அன்று அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருந்தாள்போல.

கீழே கேட்டருகில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று இருவரும் கவனிக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ், கழுவாமலே ஓடி வந்திருக்கிறான். நல்ல செய்தியையும் கேட்டிருக்கிறான், அதற்குப் பிறகு பேசியதையும் கேட்டிருக்கிறான்.

"அந்த வண்டியை வாங்கினது நான். சுத்தம் பண்ணாம ஏசியைப் போட்டதும் நான்" என்றான். "அப்ப நம்ம குழந்தையை நான்தான்..."

சந்தேகக்காரி வாயைத் திறந்தாள். தூசி, எலி, யாருக்கும் தெரியாது, ஏன், முன் சீட்டில் உட்கார்ந்து சிரித்தவளே நான்தான் என்றெல்லாம் சொல்ல வந்தாள். தங்கை கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். வயிற்றைப் பிடித்தபடி படியிறங்கிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"அந்தக் கேள்வியை இத்தனை காலமா நான் சுமந்துக்கிட்டிருந்தேங்க. தினமும், சாப்பிடறப்போ, தூங்கறப்போ. இப்பதான் கீழ வெச்சேன்." கிரீஸ் படிந்த அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க அதை எடுக்காதீங்க."